எஸ்.எம்.சி-ல உங்க பேரு வந்துடுச்சா? முதல் மீட்டிங்குக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு திரும்பறேன், ஸ்கூல் வாசல்கிட்ட ஹெச்.எம் சார் கூப்பிட்டு "ஏம்மா, உங்க பேரையும் கமிட்டில சேத்துருக்கோம், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க"ன்னாரு, நானும் எதுக்கு என்னன்னு கேக்காம நோட்டை வாங்கி போட்டுட்டு வந்துட்டேன். அடுப்புல குக்கர் வச்சிட்டு வந்த அவசரம். வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர் "என்ன கமிட்டி அது"ன்னு கேட்டாரு, அப்பதான் எனக்கே தெரியலன்னு தெரிஞ்சுது.

அப்படித்தான் 2022-ல நான் எங்க ஊரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியோட பள்ளி மேலாண்மைக் குழு, அதான் எஸ்.எம்.சி, அதுல உறுப்பினர் ஆனேன். ரெண்டு வருஷம் இருந்தேன். முதல் ஆறு மாசம் பொம்மை மாதிரி போய் டீ குடிச்சிட்டு வந்தேன்னு சொல்றதுல வெக்கம் ஒண்ணும் இல்ல, ஏன்னா யாரும் எங்ககிட்ட "உங்க வேலை இது, இது உங்க வேலை இல்ல"ன்னு உக்காரவச்சு சொல்லவே இல்ல. ட்ரெய்னிங் ஒண்ணு நடந்துச்சு, அதுல ஸ்லைடு ஓடிச்சு, பின்னாடி வரிசைக்கு ஒண்ணும் தெரியல. அதான் இப்போ புதுசா பேரு குடுத்திருக்கிற அக்கா தங்கச்சிங்களுக்கும் அண்ணன்மாருக்கும், எனக்கு அன்னைக்கு யாராவது சொல்லியிருக்கலாமேன்னு தோணினதை எழுதுறேன்.

முதல்ல இது என்ன கமிட்டி. 2009-ல கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, 2010 ஏப்ரல் 1-லேருந்து அமலுக்கு வந்துச்சு. 6 வயசுலேருந்து 14 வயசு வரைக்கும் எல்லா பிள்ளைக்கும் இலவசமா படிப்பு குடுக்கணும்ங்கற சட்டம். அதுல 21-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல முக்கால்வாசிப் பேரு அங்க படிக்கிற பிள்ளைங்களோட பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதி பேரு பொம்பளைங்களா இருக்கணும், மிச்ச இடத்துல உள்ளாட்சியில ஜெயிச்சு வந்தவங்களும் டீச்சர்களும். அரசு உதவி பெறுற பள்ளிக்கும் இந்தக் குழு உண்டு, ஆனா அங்க ஆலோசனை சொல்ற வேலை மட்டும்தான். அரசு உதவியே வாங்காத தனியார் பள்ளிக்கு இது கிடையாது.

நம்ம தமிழ்நாட்டுல பல வருஷம் இது பேப்பர்ல இருந்துச்சு. 2022 மார்ச் 20, ஒரு ஞாயித்துக்கிழமை, ஊர் ஊருக்கு அரசுப் பள்ளியில பெற்றோர் கூட்டம் போட்டாங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் குழுவை எல்லாம் புதுசா அமைச்சாங்க, பள்ளிக்கு 20 பேர்னு. 2024-ல திரும்ப அமைக்கும்போது அதை 24 ஆக்கி முன்னாள் மாணவர்களையும் சேத்தாங்க. தலைவர் கண்டிப்பா ஒரு பெற்றோர்தான், துணைத்தலைவரும் அப்படித்தான். ஹெச்.எம் குழுவைக் கூட்டுறவர், நோட்டு வச்சிருக்கிறவர், ஆனா தலைவர் அவர் இல்ல. வார்டு மெம்பர் வந்து உக்காருவாரு, அவரும் தலைவர் இல்ல. இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, எங்க முதல் மீட்டிங்ல நடு நாற்காலில உக்காந்தது வார்டு மெம்பர், தலைவியா இருந்த அக்கா வாசப்படிகிட்ட நின்னுட்டிருந்தாங்க, நாங்க யாரும் அதைத் தப்பா கூட நினைக்கல.

இன்னொரு குழப்பம், பி.டி.ஏ. பெற்றோர் ஆசிரியர் கழகம்னு ரொம்ப காலமா இருக்கே அது வேற, எஸ்.எம்.சி வேற. பி.டி.ஏ-ல ஊர்ப் பெரியவர் யாராவது தலைவரா இருப்பாரு, அவரு பிள்ளை பத்து வருஷம் முன்னாடியே படிச்சு முடிச்சு சிங்கப்பூர் போயிருக்கும். எஸ்.எம்.சி தலைவருக்கு அந்த ஸ்கூல்ல இப்போ பிள்ளை படிக்கணும். பிள்ளை அஞ்சாவது முடிச்சு டிசி வாங்கிட்டா உங்க பதவியும் அதோட கூடவே போயிடும்.

சம்பளம் கிடையாது. சிட்டிங் ஃபீஸ், பேட்டா, பஸ் காசு எதுவும் கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு, தறிக்குப் போறவங்களுக்கு, ஒரு மத்தியானம் மீட்டிங்னா அரை நாள் கூலி போச்சு. இதைச் சொல்லாம "சேவை மனப்பான்மை வேணும்"னு மேடைல பேசுறவங்களைப் பாத்தா எனக்குக் கடுப்பா வரும். மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை மூணு மணி வாக்குல மீட்டிங் வைக்கிறது வழக்கம், அதனால பேரு குடுக்குறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கோங்க, மாசம் ஒரு மத்தியானம் முடியுமா முடியாதான்னு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்றதுல தப்பே இல்ல, அந்த இடத்துல வேற ஒரு பெற்றோர் வந்து உக்காரலாம். பேரை மட்டும் குடுத்துட்டு வராம இருந்தா அந்த நாற்காலி ரெண்டு வருஷத்துக்கு காலி.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். குழு உறுப்பினரா உங்களுக்குன்னு தனியா எந்த அதிகாரமும் கிடையாது. நீங்க தனியா போய் "நான் எஸ்.எம்.சி மெம்பர்"னு டீச்சரை மிரட்ட முடியாது, வருகைப் பதிவேட்டைப் பிடுங்கிப் பாக்க முடியாது, சத்துணவு அமைப்பாளரை நாளையிலிருந்து வராதேன்னு சொல்ல முடியாது. ஆனா அதே நீங்க, மத்த உறுப்பினருங்களோட சேந்து உக்காந்து, ஒரு விஷயத்தைப் பேசி, அதைத் தீர்மானமா நோட்டுல ஏத்தி, தலைவர் கையெழுத்து போட்டுட்டா அந்தப் பேப்பருக்கு ஒரு வெயிட்டு வந்துடும். பி.இ.ஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல, யூனியன் ஆபீஸ்ல, கிராம சபையில எங்க வேணாலும் அதைக் கொண்டுபோய் வைக்கலாம். அதிகாரம் நம்மகிட்ட இல்ல, அந்த நோட்டுகிட்ட இருக்கு. இது ஒண்ணு புரிஞ்சிட்டா மிச்சம் எல்லாம் தானா புரியும்.

எங்க ஸ்கூல் மோட்டார் கதையைக் கேளுங்க. போர் மோட்டார் ரிப்பேர், பாத்ரூம்ல தண்ணி இல்ல, பொம்பளைப் பிள்ளைங்க மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வரும். நாலு மீட்டிங்ல இதைப் பேசினோம். நாலு தடவையும் ஆளாளுக்கு கத்தினோம், ஹெச்.எம் சார் "மேல சொல்லியிருக்கேன்மா"ன்னாரு, டீ வந்துச்சு, கலைஞ்சு போனோம். அஞ்சாவது மீட்டிங்ல ட்ரெய்னிங் பாக்க வந்த வட்டார வளமையத்து சார் ஒருத்தர் "இதுக்கு முன்னாடி போட்ட தீர்மானம் எங்க"ன்னு கேட்டாரு. நோட்டைத் திருப்பினா நாலு மீட்டிங்லயும் ஒரே வரி, 'பள்ளி வளர்ச்சி குறித்து விவாதிக்கப்பட்டது'. மோட்டார்னு ஒரு வார்த்தை இல்ல. எங்க எல்லார் கையெழுத்தும் மட்டும் வரிசையா அழகா இருந்துச்சு. அதுல ரெண்டு பக்கத்துல நாங்க கையெழுத்து போடும்போது மேல ஒண்ணுமே எழுதியிருக்கல, "அப்புறம் எழுதிக்கறேன், நேரமாச்சு"ன்னு சொன்னதுக்குப் போட்டுக் குடுத்தது. யாரையும் குத்தம் சொல்லல, ஹெச்.எம் சாருக்கு ஒரே ஆளா அஞ்சு கிளாஸ் பாக்கணும், ஆன்லைன்ல ஏத்தணும், அவருக்கும் தலைவலி. ஆனா கையெழுத்து என்னோடது, அதுக்கு நான்தான் பொறுப்பு.

அதனால வெத்துப் பக்கத்துல கையெழுத்து போடாதீங்க. எழுதி முடிச்ச பிறகு ஒருத்தர் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, படிக்கத் தெரியாதவங்க நம்ம குழுவுல இருப்பாங்க, அவங்களுக்கும் சேத்து. தீர்மானத்துல என்ன பண்ணணும், யாரு பண்ணணும், எப்போக்குள்ள பண்ணணும் மூணும் வரணும். 'மோட்டார் பழுதாகி இவ்வளவு நாள் ஆச்சு, இந்த மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணித் தரும்படி ஒன்றிய அலுவலகத்தைக் கேட்டுக்கொள்வது, கடிதத்தை தலைவரும் இன்ன உறுப்பினரும் நேரில் குடுப்பது'ன்னு எழுதினா அடுத்த மீட்டிங்ல முதல் கேள்வியே "குடுத்தீங்களா"ன்னு வரும். நீங்க ஒத்துக்காத ஒரு விஷயம்னா "நான் இதுக்கு சம்மதிக்கலன்னு எழுதுங்க"ன்னு சொல்லலாம், சண்டை போட வேண்டியதில்ல, அமைதியா சொல்லலாம். மத்திய அரசு 2010-ல போட்ட விதியிலேயே மாசம் ஒரு தடவையாவது குழு கூடணும், தீர்மானத்தை ஒழுங்கா எழுதி பொதுமக்கள் பாக்கற மாதிரி வைக்கணும்னு இருக்கு. இப்போ கல்வித்துறையோட பேரன்ட்ஸ் ஆப்ல தீர்மானத்தை ஏத்துறாங்க, அதுல நோட்டுல இருக்கறதேதான் ஏறியிருக்கான்னு போன்ல பாத்துக்கோங்க.

வீட்டுக்காரரை அனுப்புற விஷயம் ஒண்ணு இருக்கு. குழுவுல பாதி பேர் பொம்பளைங்க இருக்கணும்னு சட்டம் சொல்லுது, பேரும் நம்ம பேர்தான் இருக்கும், மீட்டிங்ல வந்து உக்காந்திருக்கிறது பாத்தா வீட்டுக்காரரு, மாமனாரு, ஒரு தடவை ஒருத்தங்களோட கொழுந்தன். "அவளுக்கு என்னங்க தெரியும்"னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவாங்க. பிள்ளை எந்த கிளாஸ், டீச்சர் பேரு என்ன, காலைல என்ன சாப்பாடு போட்டாங்கன்னு அவங்ககிட்ட கேளுங்க, திருதிருன்னு முழிப்பாங்க. உறுப்பினர் யாரோ அவங்கதான் வரணும், அவங்கதான் பேசணும், பதிலுக்கு ஆள் அனுப்புறதெல்லாம் இதுல கிடையாது. எங்க தலைவி அக்கா மூணாவது மீட்டிங்ல நாற்காலிய இழுத்து நடுவுல போட்டுக்கிட்டு உக்காந்தாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல, சும்மா உக்காந்ததுக்கே மீட்டிங்கோட முகம் மாறிடுச்சு.

பணம். இதுலதான் எல்லாரும் பயப்படுவாங்க, இல்ல கண்ணை மூடிக்குவாங்க. பள்ளிக்கு வருஷா வருஷம் சமக்ர சிக்ஷாங்கற அரசு கல்வித் திட்டத்துலேருந்து பள்ளி மானியம்னு ஒண்ணு வரும், பிள்ளைங்க எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி. அந்தத் திட்டத்தோட கணக்குப்படி 30 பிள்ளைங்க வரைக்கும் 10,000 ரூபாய், 31-லேருந்து 100 வரைக்கும் 25,000, 101-லேருந்து 250 வரைக்கும் 50,000, அதுக்கு மேல 1,000 பிள்ளை வரைக்கும் 75,000, அதையும் தாண்டினா 1 லட்சம். இதுல பத்துல ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்குப் போகணும். எங்க ஸ்கூல்ல 42 பிள்ளைங்க, ஆக 25,000, அதுல 2,500 ரூபாய் பினாயில், துடைப்பம், சோப்பு இந்த வகைக்கு. மீதில சாக்பீஸ், ரிஜிஸ்டர், சின்னச் சின்ன ரிப்பேர். பெரிய தொகை இல்லதான், ஆனா ஒரு வருஷத்துக்கு ஸ்கூல் ஓடணும்ல.

இந்தப் பணத்தை எப்படிச் செலவு பண்றாங்கன்னு பாக்குறது சட்டப்படியே குழுவோட வேலை. கணக்கு கேட்டா சந்தேகப்படுறோம்னு அர்த்தம் இல்ல. நம்ம வீட்டுல மகளிர் குழு லோன் கணக்கு எழுதுறோம்ல, வாராவாரம் நோட்டை நடுவுல வச்சு எல்லாருக்கும் காட்டுறோம்ல, யாராவது கோச்சுக்கறாங்களா? அதே மாதிரிதான். எவ்வளவு வந்துச்சு, எதுக்கு வாங்கினோம், பில் இருக்கா, கையில எவ்வளவு மிச்சம், இந்த நாலையும் மீட்டிங்ல கேட்டுடுங்க, ஒவ்வொரு தடவையும் கேளுங்க, அப்போ அது வழக்கமாயிடும், யாரு மேலயும் விரல் நீட்டின மாதிரி இருக்காது. எங்க தலைவி அக்காகிட்ட "வவுச்சர்ல இந்த இடத்துல போடுங்க"ன்னு பத்து பேப்பரைக் காட்டினாங்க ஒரு தடவை, அவங்க "வீட்டுக்குக் கொண்டு போய் பாத்துட்டு நாளைக்குக் காலைல தரேன்"னாங்க, அவ்ளோதான், குடுத்தாங்க, மறுநாள் எல்லாத்துலயும் கையெழுத்து ஆகி வந்துச்சு. எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் பில்லு இல்லாம ஒரு பேப்பரும் அவங்ககிட்ட வரல.

நம்ம ஆளுங்க விஷயம் வந்தா என்ன பண்றது? இது ஊர்ல நிச்சயமா வரும், ஏன்னா எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். 2022 ஜூன்ல தமிழ்நாடு முழுக்க 13,331 டீச்சர் காலியிடத்தை தற்காலிகமா பள்ளி மேலாண்மைக் குழு மூலமா நிரப்பிக்கலாம்னு அரசு சொல்லிச்சு, இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய்னு. கோர்ட்டு கேஸெல்லாம் கூட ஆச்சு. அந்த நேரத்துல தெருவுக்குத் தெரு பி.எட் படிச்ச பிள்ளை இருக்குற வீட்டுல எல்லாம் எஸ்.எம்.சி மெம்பருக்கு திடீர் மரியாதை. "உன் கையிலதானே இருக்கு, நம்ம பிள்ளைய பாத்துக்க"ன்னு சித்தி, பெரியம்மா, ஒண்ணுவிட்ட அண்ணி எல்லாம் வருவாங்க. இல்லன்னு சொன்னா கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க, சரின்னு சொன்னா அது தப்பு.

இதுக்கு வழி இருக்கு. உங்க சொந்தக்காரர் விண்ணப்பம் போட்டிருந்தா, இல்ல உங்க கடையில பொருள் வாங்குற பேச்சு வந்தா, பெயின்ட் அடிக்கிற கான்ட்ராக்ட் உங்க தம்பிக்குப் போகும்னு தெரிஞ்சா, முதல்ல வாயைத் திறந்து "இவரு எனக்கு இன்ன உறவு, அதனால இந்த விஷயத்துல நான் பேசல"ன்னு சொல்லிட்டு வெளிய போய் நின்னுக்கோங்க. நீங்க இல்லாத நேரத்துல முடிவு பண்ணட்டும். நீங்க வெளிய போனதையும் நோட்டுல எழுதச் சொல்லுங்க. அப்படிச் செஞ்சா அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைச்சாலும் அது நேர்மையா கிடைச்சது, கிடைக்கலன்னாலும் "நான் ரூம்லயே இல்ல சித்தி"ன்னு கையை விரிச்சிடலாம். ரெண்டுக்கும் நல்லது. ஸ்டேஷனரி வச்சிருக்கிற ஒரு அண்ணன் எங்க குழுவுல இருந்தாரு, நோட்டு வாங்குற பேச்சு வந்தாலே செருப்பை மாட்டிக்கிட்டு வேப்ப மரத்தடிக்குப் போயிடுவாரு, நாங்க சிரிப்போம், ஆனா அவரு மேல ஒரு பேச்சு வந்ததில்ல.

டீச்சர்ங்க விஷயத்துல ரெண்டு பக்கமும் வழுக்கும். ஒரு பக்கம் "அவங்க படிச்சவங்க, நமக்கென்ன தெரியும்"னு வாயே திறக்காம இருக்கறது. இன்னொரு பக்கம் கிளாஸ் நடுவுல போய் நின்னு பிள்ளைங்க முன்னாடி "ஏன் டீச்சர் இதைச் சொல்லித்தரல"ன்னு கேக்கறது. ரெண்டாவதைப் பண்ணவே பண்ணாதீங்க. டீச்சர் நேரத்துக்கு வர்றாங்களா, பிள்ளையை அடிக்காம இருக்காங்களான்னு பாக்கலாம், கேக்கலாம், அடிக்கிறதும் மனசு நோகப் பேசுறதும் சட்டத்துல தடை. எப்படிப் பாடம் நடத்தணும்னு சொல்றது நம்ம வேலை இல்ல. அதே சட்டத்துல டீச்சருக்குச் சாதகமாவும் ஒண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூணையும் தவிர படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேற வேலைக்கு டீச்சரை அனுப்பக் கூடாது, அதைக் கவனிக்கறதும் குழுவோட வேலைதான். 60 பிள்ளை வரைக்கும் இருந்தா தொடக்கப்பள்ளிக்கு ரெண்டு டீச்சர், 61-லேருந்து 90 வரைக்கும்னா மூணு பேர் இருக்கணும்னு கணக்கும் அதுலயே இருக்கு. எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் மாறிப் போய் ரெண்டாவது இடம் காலியா கெடந்தப்போ, ஹெச்.எம் தானா எழுதினா அது ஒரு லெட்டர், குழு தீர்மானம் போட்டு எழுதினா அது வேற, அந்த சாரே அதைச் சொல்லித்தான் எங்களைக் கேட்டுக்கிட்டாரு. அன்னைலேருந்துதான் அவரும் நாங்களும் ஒரே பக்கம்னு ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது.

சாப்பாடு விஷயம் சுலபம், சாப்பிட்டுப் பாக்கணும். மத்தியான சத்துணவும் சரி, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்த காலை உணவும் சரி, முன்னறிவிப்பு இல்லாம வாரத்துக்கு ஒருத்தர் போய் பிள்ளைங்களோட உக்காந்து ஒரு கரண்டி சாப்பிட்டாலே போதும். காலை உணவை சமைக்கிறது நம்ம மகளிர் குழுப் பொம்பளைங்கதான், காலைல அஞ்சு மணிக்கு எழுந்து வர்றாங்க, அதனால உப்புமால உப்பு கம்மின்னா மெதுவா சொல்லுங்க, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம். அரிசில புழு, முட்டை நாத்தம்னா அது வேற, அன்னைக்கே எழுதிக் குடுக்கணும்.

ஸ்டேட்டஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது, வாட்ஸ்அப். குழுவுல பேசுற நிறைய விஷயம் வெளிய சொல்லலாம், தீர்மானம் என்ன, பணம் எவ்வளவு, இதெல்லாம் ஊருக்குத் தெரியணும், தெரியறதுதான் நல்லது. ஆனா ஒரு பிள்ளையோட விஷயம் வெளிய போகக் கூடாது. எந்தப் பிள்ளை படிக்கத் தடுமாறுது, எந்த வீட்டுல அப்பா குடிச்சிட்டு வந்து பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேங்கறாரு, எந்தப் பிள்ளைக்கு உடம்புல என்ன குறைன்னு மீட்டிங்ல பேச்சு வரும், இடைநின்ற பிள்ளைங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்றதும் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்களைக் கண்டுபிடிச்சு உதவி வாங்கித் தர்றதும் நம்ம வேலைல சேந்ததுதானே. அந்தப் பேச்சு அந்த ரூமோட முடியணும். குழாயடில, சீட்டுக் கட்டுற இடத்துல அது பேச்சாச்சுன்னா அந்தப் பிள்ளை அடுத்த நாளே ஸ்கூலுக்கு வராது.

இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் ரூம்குள்ள வச்சு முடிக்கவே கூடாது. பிள்ளைகிட்ட யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா, சந்தேகமே வந்தாலும், "ஸ்கூல் பேரு கெட்டுடும், குழுவுலயே பேசித் தீத்துக்கலாம்"னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துலேருந்து காப்பாத்துற போக்சோ சட்டப்படி, தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லாம மறைச்சா அதுவே குத்தம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணலாம், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. கல்வித்துறையோட உதவி எண் 14417-ம் இருக்கு. மீட்டிங் தேதி வரட்டும்னு காத்திருக்காதீங்க, தீர்மானம் போடணும்னும் அவசியம் இல்ல.

அடுத்து பள்ளி வளர்ச்சித் திட்டம்னு ஒண்ணு போடணும். பேரைக் கேட்டா பெருசா இருக்கும். மூணு வருஷத்துக்கு நம்ம ஸ்கூலுக்கு என்னென்ன வேணும்னு எழுதுறதுதான், வருஷத்துக்கு வருஷம் பிரிச்சு. எந்த கிளாஸ்ல எத்தனை பிள்ளை வரும், எத்தனை டீச்சர் வேணும், ரூம், பாத்ரூம், காம்பவுண்ட் சுவர் என்ன வேணும், எவ்வளவு ஆகும். நாங்க முதல்ல எழுதினப்போ ஸ்மார்ட் கிளாஸ், பார்க்கு, ஸ்டேஜ்னு ஆசைப்பட்டதெல்லாம் எழுதினோம், இருபத்தேழு ஐட்டம். அப்புறம் துணைத்தலைவி, அவங்க பையன் வீல்சேர்ல வர்ற பிள்ளை, "முதல்ல வாசப்படிக்கு ஒரு சாய்தளம் போடுங்க, என் பையன் உள்ள வந்தாதானே ஸ்மார்ட் கிளாஸ் பாப்பான்"னாங்க. லிஸ்ட்டை அங்கேயே திருப்பிப் போட்டு எழுதினோம்.

எழுதிட்டு பீரோல வச்சிடாதீங்க. ஊராட்சில வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை நடக்கும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எஸ்.எம்.சி தீர்மானத்தோட காப்பியை எடுத்துட்டுப் போய் அங்க எழுந்து நின்னு வாசிங்க. பஞ்சாயத்து தலைவர் நல்லவரா இருந்தா சந்தோஷப்படுவாரு, இல்லன்னாலும் ஊரே கேட்ட பிறகு அந்தத் தீர்மானத்தையும் கிராம சபைத் தீர்மானமா எழுதாம விட முடியாது. எங்களுக்கு சாய்தளம் அப்படித்தான் வந்துச்சு, ஒரு ஆகஸ்ட் 15-ல கேட்டது, பொங்கல் கழிச்சு சிமென்ட் போட்டாங்க.

கட்சி விஷயம் ஒண்ணு பாக்கி. உங்களுக்கு எந்தக் கட்சி புடிக்கும்ங்கறது உங்க இஷ்டம், கொடி வீட்டு வாசல்ல இருக்கட்டும். தலைவர் அந்தக் கட்சி, வார்டு மெம்பர் இந்தக் கட்சின்னு ஆயிட்டா பாத்ரூம் கதவுக்கு தாழ்ப்பா போடுறது கூட தேர்தல் மாதிரி ஆயிடும். சாதி விஷயமும் இதேதான், யாரு பிள்ளை எங்க உக்காருது, யாரு சமைச்சா யாரு சாப்பிட மாட்டேங்கறாங்கன்னு பேச்சு வந்தா அங்க மட்டும் நீங்க சும்மா இருக்கக் கூடாது, உறவு போனாலும் பரவால்லன்னு பேசிடுங்க.

போன வருஷம் என் பொண்ணு அஞ்சாவது முடிச்சா. டிசி வாங்கப் போன அன்னைக்கே புதுசா வந்த ஒரு தங்கச்சிகிட்ட, கைக்குழந்தையோட வந்திருந்தாங்க, நான் வச்சிருந்த சின்ன நோட்டைக் குடுத்தேன். பெரிய தீர்மான நோட்டு ஸ்கூல்லயே இருக்கும், இது எனக்காக எழுதினது, எந்த மாசம் என்ன கேட்டோம், யாரு என்ன சொன்னாங்க, எது முடிஞ்சுது எது முடியலன்னு. முடிஞ்சதுக்கு எல்லாம் டிக் அடிச்சிருந்தேன். அவங்க புரட்டிப் பாத்துட்டு "அக்கா, மோட்டாருக்கு மட்டும் டிக் இல்லையே"ன்னாங்க. ஆமா, ரெண்டு தடவை சரி பண்ணி ரெண்டு தடவையும் திரும்ப நின்னு போச்சு, இப்போ ஓடுது, ஆனா வெயில் காலத்துல போர்ல தண்ணி இறங்கிடும், அதனால மே மாசம் கிராம சபைக்குள்ள இன்னொரு தீர்மானம் போடணும்னு சொன்னேன். நோட்டை மடிச்சு குழந்தையோட பைக்குள்ள வச்சுக்கிட்டு, வெள்ளிக்கிழமை மூணு மணிதானேன்னு கேட்டுட்டுப் போனாங்க.